புகார் என்னும் பிரதி: நிதித்துறைப் பெண்களின் தயக்கத்துக்கு ஒரு வரலாறு

1

‘ஏன் அப்பவே சொல்லல?’

பணியிடத்தில் தனக்கு நேர்ந்த பாலியல் அத்துமீறலைப் பற்றி ஒரு பெண் வாய் திறந்தவுடன் எதிர்ப்படுகிற முதல் கேள்வி இது. மேலாளர் கேட்கிறார், குறுக்கு விசாரணை செய்யும் வழக்கறிஞர் கேட்கிறார், பத்திரிகைக்காரர் கேட்கிறார். நம்ம தோழர்களும் கேட்கிறார்கள். வெளித்தோற்றத்துக்குத் தகவல் கேட்பது போல இருக்கும் இந்தக் கேள்விக்குள் ஒரு தீர்ப்பு ஏற்கனவே எழுதப்பட்டிருக்கிறது. உண்மையிலேயே நடந்திருந்தால் சொல்லியிருப்பாய்; சொல்லவில்லை, ஆகவே நடக்கவில்லை. அல்லது நடந்ததில் உனக்கும் சம்மதம். பெண்ணின் மௌனம் இவ்வாறு அவளுக்கே எதிரான சாட்சியமாகிவிடுகிறது.

இந்தத் தயக்கத்தை விளக்க வருகிறவர்கள் வழக்கமாகப் பெண்ணின் மனசுக்குள் புகுந்து தேடுகிறார்கள். கூச்சம், பயம், குடும்ப மானம், ‘நாலு பேர் என்ன சொல்வாங்க’. இதெல்லாம் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் வங்கி, பங்குச் சந்தை, காப்பீடு என விரிந்து கிடக்கும் நிதித்துறையை எடுத்துக்கொண்டால் இந்த விளக்கம் அப்படியே இடிக்கிறது. கோடிக்கணக்கான பணத்துக்குக் கையெழுத்துப் போடுகிற பெண்கள் இவர்கள். கடன் கேட்டு வந்த தொழிலதிபரிடம் முகத்துக்கு நேரே ‘முடியாது சார்’ என்று சொல்லப் பழகியவர்கள். இவர்கள் தம் மேலதிகாரி விஷயத்தில் மட்டும் வாயடைத்துப் போவதற்குக் கூச்சம் ஒன்றே காரணம் என்பது நம்பும்படியாக இல்லை.

மிஷேல் ஃபூக்கோ பாலியலின் வரலாறு முதல் தொகுதியில் (1976) மௌனத்தைப் பேச்சுக்கு வெளியே கிடக்கும் வெற்றிடமாகப் பார்க்கவில்லை. சொல்லாடலுக்குள் இயங்கும் ஓர் உறுப்பாகவே பார்க்கிறார். யார் பேசலாம், யாரிடம் பேசலாம், எந்த வடிவத்தில் பேசினால் அது பேச்சாக ஏற்கப்படும் என்கிற விதிகள்தாம் பலவகை மௌனங்களை உற்பத்தி செய்கின்றன. அப்படியானால் தயக்கத்துக்கு ஒரு வரலாறு இருக்க வேண்டும். படிவங்கள், ஒப்பந்தங்கள், தீர்ப்புகள் ஆகியவற்றால் ஆன வரலாறு. அதன் சில பக்கங்களை இங்கே புரட்டிப் பார்க்கலாம். தொடக்கம் அமெரிக்காவில். காரணம் எளிமையானது: இந்தப் பிரச்சினையில் உலகெங்கும் மேற்கோளாகும் முதல் பெரிய தீர்ப்பே ஒரு வங்கிக் கிளையிலிருந்துதான் வந்தது.

2

1974இல் வாஷிங்டன் நகரத்தில் ஒரு வங்கியில் பயிற்சிக் காசாளராகச் சேர்ந்தார் மெஷெல் வின்சன் என்ற கறுப்பினப் பெண். வேலை கொடுத்தவர் கிளை மேலாளர் சிட்னி டெய்லர். நான்கு ஆண்டுகள் ஒரே கிளை. காசாளர், தலைமைக் காசாளர், துணைக் கிளை மேலாளர் எனப் பதவி உயர்ந்தது. இவை திறமையால் மட்டுமே கிடைத்தவை என்பதில் எந்தத் தரப்புக்கும் மறுப்பில்லை. 1978 செப்டம்பரில் காலவரையற்ற மருத்துவ விடுப்பில் போனார். நவம்பரில், அளவுக்கு மீறி விடுப்பு எடுத்ததாகச் சொல்லி வங்கி அவரை நீக்கியது. அதன்பின் அவர் வழக்குத் தொடுத்தார்.

மேலாளர் தம்மை உறவுக்கு வற்புறுத்தினார், வேலை போய்விடுமோ என்ற பயத்தில் இணங்கினேன், 40 அல்லது 50 முறை இருக்கும், கிளையிலேயே, வேலை நேரத்திலும் அதற்குப் பிறகும், பலாத்காரமும் நடந்தது என்பது வின்சனின் சாட்சியம். டெய்லர் எல்லாவற்றையும் மறுத்தார். வங்கியின் வாதம்தான் நமக்கு முக்கியம். எங்களுக்கு ஒன்றும் தெரியாது. எங்களிடம் புகார் நடைமுறை இருந்தது. அவர் அதைப் பயன்படுத்தவேயில்லை.

உண்மைதான், பயன்படுத்தவில்லை. டெய்லர் மீதிருந்த பயத்தால் யாரிடமும் சொல்லவில்லை என்று அவரே சொன்னார். ஆனால் அந்த நடைமுறையை எடுத்து ஒரு பிரதியாக வாசித்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. அதன்படி ஊழியர் முதலில் புகார் செய்ய வேண்டியது தன் மேலதிகாரியிடம். வின்சனுக்கு மேலதிகாரி டெய்லர். அதாவது, யாருக்கு எதிரான புகாரோ அவர் கையிலேயே அதைக் கொடுக்க வேண்டும். இந்த இடத்தில் ‘பயம்’ என்கிற உளவியல் சொல்லின் எல்லை தெரிந்துவிடுகிறது. புகார் எழுதினால் அதன் உறைமேல் எழுதவேண்டிய முகவரியே டெய்லருடையது எனும்போது எவ்வளவு தைரியசாலி என்றாலும் என்ன செய்ய முடியும்?

1980இல் கீழ் நீதிமன்றம் வின்சனுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது: உறவு இருந்திருந்தாலும் அது அவராக இணங்கியது. 1986 ஜூன் 19 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதை மாற்றியது. அப்போது வங்கியின் பெயர் மெரிட்டர் சேவிங்ஸ் பேங்க் என்றாகியிருந்தது. இணங்கினாளா என்பது கேள்வியில்லை, அதை அவள் விரும்பி வரவேற்றாளா என்பதே கேள்வி என்றது நீதிமன்றம். இணங்குதலுக்கும் விரும்புதலுக்கும் நடுவே சட்டம் போட்ட இந்தக் கோடு சாதாரணமானதல்ல. புகார் நடைமுறை என்று ஒன்று இருந்ததாலேயே வங்கி தப்பிவிட முடியாது என்றும், டெய்லரிடமே புகார் செய்யச் சொல்லும் நடைமுறையை அவர் பயன்படுத்தாததில் வியப்பில்லை என்றும் அது கருதியது. அதே தீர்ப்பு, பெண்ணின் உடையும் பேச்சும் சாட்சியமாக ஏற்கத்தக்கவையே என்றும் சொல்லிவைத்தது. ஒரு கதவைத் திறந்தவர்களே பக்கத்து ஜன்னலில் ஆள் வைத்துவிட்டார்கள்.

இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வின்சன் வேலைக்குச் சேர்ந்த 1974இல் அவருக்கு நடந்ததைச் சொல்ல ஆங்கிலத்தில் ஒரு பெயரே புழக்கத்தில் இல்லை. ‘செக்ஷுவல் ஹராஸ்மென்ட்’ என்ற தொடர் இயக்கத்துக்குள் வந்தது 1975இல். கார்னெல் பல்கலைக்கழகத்தில் மேலதிகாரியின் தொல்லை தாங்காமல் வேலையை விட்ட ஒரு பெண்ணுக்கு வேலையின்மை உதவித்தொகை மறுக்கப்பட்டது. அதை ஒட்டி இத்தாகா நகரில் கூடிய பெண்கள் இந்தப் பெயரைக் கையிலெடுத்தார்கள். கேதரின் மெக்கின்னன் இதைப் பாகுபாடு என்ற சட்டக் கருத்தாக்கத்துக்குள் கொண்டுவந்து நூல் எழுதியது 1979இல். வின்சன் வழக்கிலும் அவர் பங்கெடுத்தார். பெயரில்லாத ஒன்றை எந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

தமிழ் படித்த எனக்கு இது நம் சொற்களை நினைவூட்டுகிறது. நம் நாளிதழ்கள் நெடுங்காலம் ‘சில்மிஷம்’ என்றே எழுதிவந்தன. விளையாட்டுப் பிள்ளையின் குறும்புக்கும் மேலாளர் கை வைப்பதற்கும் ஒரே சொல். பிறகு ‘ஈவ் டீசிங்’, ‘சீண்டல்’. ‘பாலியல் துன்புறுத்தல்’ என்ற சொல் சட்டத்தின் வழியாக நிலைபெற்றது பின்னால்தான். ‘அவர் என்னிடம் சில்மிஷம் செய்தார்’ என்று தலைமை அலுவலகத்துக்கு ஒரு பெண் எழுதினால் அந்தச் சொல்லே அவளைக் காட்டிக்கொடுத்துவிடும். படிப்பவர் சிரித்துவிட்டு அடுத்த காகிதத்துக்குப் போவார்.

3

வங்கிக் கிளையிலிருந்து வால் ஸ்ட்ரீட்டுக்குப் போவோம். அங்கே புகாரின் முகவரிச் சிக்கல் வேறொரு வடிவம் எடுக்கிறது.

அமெரிக்காவில் பங்குத் தரகராக வேலை பார்க்க வேண்டுமானால் யு-4 என்ற பதிவுப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். கையெழுத்தில்லை என்றால் தொழில் இல்லை. நிறுவனத்தோடு எந்தத் தகராறு வந்தாலும் நீதிமன்றத்துக்குப் போகாமல், தொழில்துறை நடத்தும் நடுவர் மன்றத்தில் தீர்த்துக்கொள்வேன் என்ற ஒப்புதல் அதற்குள் இருந்தது. வேலைக்குச் சேரும் உற்சாகத்தில் அதை யார் நிதானமாக வாசிக்கப் போகிறார்கள்? 1991 மே மாதம், வயது காரணமாக நீக்கப்பட்டதாக வழக்குத் தொடுத்த கில்மர் என்ற ஆண் ஊழியரின் வழக்கில், அந்தக் கையெழுத்து பாகுபாட்டு வழக்குகளையும் கட்டுப்படுத்தும் என உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அதே 1991 அக்டோபரில்தான் அனிதா ஹில், உச்ச நீதிமன்றத்துக்கு நியமிக்கப்பட்ட கிளாரன்ஸ் தாமஸுக்கு எதிராக அமெரிக்க செனட் குழுவின் முன் சாட்சியம் சொன்னார். வேலைவாய்ப்புச் சமத்துவத்தைக் காக்க வேண்டிய ஆணையத்தின் தலைவராக இருந்தவர் தாமஸ். ‘பத்து வருஷம் ஏன் பேசாமல் இருந்தாய்’ என்பதே ஹில்லிடம் சுற்றிச் சுற்றிக் கேட்கப்பட்டது. 52க்கு 48 வாக்குகளில் தாமஸ் நீதிபதியானார். அடுத்த மாதம் வந்த குடிமை உரிமைகள் சட்டத் திருத்தம், இத்தகைய வழக்குகளில் ஜூரி விசாரணையும் கூடுதல் நட்டஈடும் கோரும் உரிமையைத் தந்தது. ஆக ஒரே ஆண்டில், நாட்டின் மற்றப் பெண்களுக்கு ஜூரியின் கதவு திறக்கிறது. பங்குத் தரகுப் பெண்களுக்கு, அவர்களே போட்ட கையெழுத்தால், அது மூடப்படுகிறது. அந்த நடுவர்கள் யார்? 1994இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கணக்காய்வு அலுவலகம் பார்த்தபோது நியூயார்க் பங்குச் சந்தையின் நடுவர்களில் பெரும்பாலோர் வெள்ளை ஆண்கள், சராசரி வயது 60.

இந்தத் தொழிலில் வருமானம் எப்படி வருகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தரகருக்கு மாதச் சம்பளத்தைவிடக் கமிஷன்தான் பிழைப்பு. புதிதாகக் கிளைக்குள் நுழையும் வாடிக்கையாளரை யாரிடம் அனுப்புவது, வேலையை விட்டுப்போனவரின் கணக்குகளை யாருக்குப் பிரித்துக்கொடுப்பது என்பதெல்லாம் கிளை மேலாளர் கையில். முதலீட்டு வங்கிகளில் ஆண்டு போனஸும் அப்படித்தான்; அதை நிர்ணயிப்பது மேலதிகாரியின் வாய்மொழி மதிப்பீடு. வேலையை விட்டுப் போகும்போதும் விடுதலையில்லை. ஏன் விட்டார் என்பதை நிறுவனமே எழுதிப் பதிவு செய்யும் யு-5 என்ற படிவம் அவர் பின்னாலேயே போகும். சம்பளம் குறைக்காமல், வேலையை விட்டு நீக்காமல், ஒரு பெண்ணை அமைதியாக வறுமைக்குள் தள்ள இந்த ஏற்பாடு போதும். எந்தக் கணக்கு தனக்கு வராமல் போனது என்று அவளால் நிரூபிக்கவும் முடியாது.

ஆக அவள் தயங்குகிறாள். ஆபத்தை எடைபோட்டு லாப நஷ்டம் பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட துறை இது. சந்தையில் அப்படிக் கணக்குப் போடுகிறவனுக்குச் சாமர்த்தியசாலி என்று பெயர். அதே கணக்கைத் தன் பிழைப்பைப் பற்றி ஒரு பெண் போட்டால் அதற்குப் பெயர் கோழைத்தனம்.

இந்த வாதத்துக்குச் சான்று இருக்கிறது. 1996 மே மாதம் ஸ்மித் பார்னி என்ற தரகு நிறுவனத்தின் மீது பமேலா மார்ட்டென்ஸ் உள்ளிட்ட பெண்கள் நியூயார்க்கில் கூட்டு வழக்குத் தொடுத்தார்கள். லாங் ஐலண்டின் கார்டன் சிட்டி கிளையில் அடித்தளத்தில் ‘பூம்-பூம் ரூம்’ என்று ஆண்கள் பெயரிட்டிருந்த ஒரு கேளிக்கை அறை இருந்தது. உட்கூரையில் கழிவறைப் பீங்கான் தொங்கவிடப்பட்டிருந்தது என்கிறது வழக்கு மனு. தனித்தனியே நடுவர்மன்றத்துக்குப் போகவேண்டியவர்கள் ஒன்றாகச் சேர்ந்து நீதிமன்றத்துக்குப் போனதுதான் இதில் புதுமை. 1998இல் ஒப்புதல் பெற்ற சமரசத்தின் கீழ் நாடெங்கிலுமிருந்து ஏறத்தாழ 2,000 பெண்கள் தம் பாகுபாட்டு, துன்புறுத்தல் அனுபவங்களை முன்வைத்துக் கோரிக்கை மனு கொடுத்தார்கள். இவர்கள் எல்லோரும் முந்தின வருஷம்வரை ‘தயங்கிய’ பெண்கள்தாம். அவர்கள் மனசு திடீரென்று மாறிவிடவில்லை. தன்னோடு இன்னும் பல பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்தது, மனுவை எடுத்துக்கொண்டு போக ஓர் இடம் கிடைத்தது. அந்தச் சமரசமும் மறுபடி மூடிய அறைக்குள் நடக்கும் மத்தியஸ்தத்துக்கே இட்டுச்சென்றது என்பதால் மார்ட்டென்ஸ் அதை ஏற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

பாகுபாட்டு வழக்குகளுக்குக் கட்டாய நடுவர்மன்றம் என்ற விதியை அமெரிக்கப் பங்குத் தரகர் சங்கம் 1999 ஜனவரி முதல் கைவிட்டது. விதி போனால் என்ன, நிறுவனங்கள் தத்தம் வேலை ஒப்பந்தத்தில் அதே வாசகத்தைச் சேர்த்துக்கொண்டன. பாலியல் துன்புறுத்தல் வழக்குகளில் கட்டாய நடுவர்மன்றத்தை முடிவுக்குக் கொண்டுவந்த சட்டம் 2022 மார்ச்சில்தான் வந்தது. கில்மர் தீர்ப்புக்கு 31 ஆண்டுகள் கழித்து.

நடுவில் 1998 ஜூனில் வந்த இரண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளைச் சொல்லாமல் விட முடியாது. பணிநீக்கம், பதவியிறக்கம் போன்ற வெளிப்படையான நடவடிக்கை நிகழாத வழக்குகளில், நிறுவனம் புகார் நடைமுறை வைத்து உரிய அக்கறை காட்டியிருந்து, பெண் தக்க காரணமின்றி அதைப் பயன்படுத்தத் தவறியிருந்தால், நிறுவனம் பொறுப்பிலிருந்து தப்பலாம் என்றன அவை. வின்சன் வழக்கில் மெரிட்டர் வங்கி வைத்த வாதம் 12 ஆண்டுகளில் திருத்திய பதிப்பாகச் சட்டத்துக்குள் வந்துவிட்டது. ‘ஏன் அப்பவே சொல்லல’ என்கிற தெருக் கேள்விக்கு நீதிமன்ற மொழி கிடைத்தது.

4

வின்சன் வழக்கு வலியுறுத்திய ‘விரும்பப்படாத’ என்ற அளவுகோல் கடல் கடந்தும் காணக்கிடைக்கிறது. பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிப்பதற்கான ஐ.நா. குழுவின் 1992ஆம் ஆண்டுப் பரிந்துரையில் அது இருக்கிறது. அந்தப் பரிந்துரையை மேற்கோள் காட்டி இந்திய உச்ச நீதிமன்றம் 1997இல் வழங்கிய விசாகா தீர்ப்பிலும் இருக்கிறது. விசாகாவுக்குப் பின்னால் இருப்பவர் ராஜஸ்தானின் பன்வாரி தேவி. குயவர் சாதியைச் சேர்ந்த, அரசின் பெண்கள் திட்டத்தில் வேலை பார்த்த ‘சாத்தின்’. குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனதற்காக 1992இல் ஆதிக்க சாதி ஆண்களால் கூட்டு வன்புணர்வுக்கு ஆளானார். 1995இல் விசாரணை நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. இன்று குளிரூட்டப்பட்ட அலுவலகங்களில் அதிகாரிகளாக இருக்கும் பெண்கள் பயன்படுத்தும் சட்டம், அங்கே ஒரு கறுப்பினக் காசாளரிடமிருந்தும் இங்கே ஒரு குயவர் வீட்டுப் பெண்ணிடமிருந்தும் வந்தது. விளிம்பில் இருந்தவர்கள்தாம் முதலில் பேசினார்கள். விலையையும் அவர்களே கொடுத்தார்கள்.

2013ஆம் ஆண்டின் சட்டம் புகாரின் முகவரியை மாற்ற முயன்றது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் உள்புகார்க் குழு வேண்டும், தலைவர் பெண், உறுப்பினர்களில் பாதியாவது பெண்கள், வெளியிலிருந்து சுதந்திரமான ஓர் உறுப்பினர். வின்சனுக்கு இல்லாதிருந்த முகவரி இது. ஆனால் மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம். பொய்ப் புகார் என்று முடிவானால் புகார் கொடுத்தவர்மீதே நடவடிக்கை எடுக்க 14ஆம் பிரிவு வழிசெய்கிறது. நிரூபிக்க முடியாததாலேயே புகார் பொய்யாகிவிடாது என்ற விளக்கமும் அங்கேயே இருக்கிறது. என்றாலும் பயமுறுத்த அந்தப் பிரிவின் எண்ணே போதும்.

முகவரி மாறினாலும் வீடு மாறியதா? பஞ்சாப் அண்ட் சிந்த் வங்கி வழக்கில் 2020 பிப்ரவரி 25 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பை நம் வாசகர்கள் படிக்க வேண்டும். இந்தூர் கிளையில் தலைமை மேலாளராக இருந்த பெண் அதிகாரி, கிளையில் நடந்த முறைகேடுகளைப் பற்றி மேலிடத்துக்குத் திரும்பத் திரும்ப எழுதினார். மண்டல மேலாளர்மீது பாலியல் துன்புறுத்தல் புகாரும் கொடுத்தார். 2017 டிசம்பரில் அவரை ஜபல்பூர் மாவட்டத்து சர்சாவா கிளைக்கு மாற்றினார்கள். அது கடைநிலை அதிகாரி ஒருவர் இருக்க வேண்டிய கிளை. உள்புகார்க் குழுவில் ‘சுதந்திரமான வெளியாள்’ என்று உட்காரவைக்கப்பட்டவர் அதே வங்கியின் வழக்கறிஞர் பட்டியலில் இருந்தவர்! நீதிமன்றம் அந்த அதிகாரி பழிவாங்கப்பட்டார் என்று கண்டு, இந்தூருக்கே திருப்பி அனுப்பச் சொன்னது.

இங்கே டெய்லர் இல்லை, ஆனால் டெய்லரின் நாற்காலி இருக்கிறது. முறைகேட்டுப் புகாரும் பாலியல் புகாரும் ஒரே பெண்ணிடமிருந்து வந்தன என்பதும் தற்செயலானதல்ல. கணக்கை ஒழுங்காகப் பார்க்கிற பெண் அதிகாரத்துக்கு இரண்டு வகையிலும் இடைஞ்சல். வேலையை விட்டு நீக்கினால் வழக்கு வரும். மாறுதல் என்றால் ‘நிர்வாகக் காரணம்’ என்று ஒரு வரி போதும். வங்கியில் மாறுதல் என்றால் என்ன என்பது வங்கி ஊழியர் வீடுகளில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். பிள்ளைகள் பள்ளிக்கூடம், வயசான மாமியார், கணவனின் வேலை என்று அத்தனையும் அந்த ஒரு தாளில் ஆட்டம் காணும். அதிலும் பெண்ணுக்கு வரும் மாறுதல் தாளைக் குடும்பமே எடுத்து வாசிக்கிறது: ‘நீ சும்மா இருந்திருந்தா இதெல்லாம் வந்திருக்குமா?’

5

நம் தரப்பைப் பற்றியும் பேசியாக வேண்டும். வங்கித் துறையில் வலுவான தொழிற்சங்கங்கள் இருக்கின்றன. அவை போராடிப் பெற்றவற்றை நான் குறைத்து மதிப்பிடவில்லை. குற்றப்பத்திரிகை வாங்கிய ஊழியருக்காகத் துறை விசாரணையில் வந்து வாதாடுவது சங்கப் பிரதிநிதியின் வேலை. நிர்வாகத்தின் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்து உடைப்பதில் பல பத்தாண்டுப் பயிற்சி நமக்கு உண்டு. ஆனால் பாலியல் புகாரில் குற்றம் சாட்டப்பட்டவரும் சங்க உறுப்பினர், புகார் கொடுத்தவரும் சங்க உறுப்பினர். அப்போது அந்தத் திறமை யார்மீது திரும்புகிறது? ‘நிர்வாகத்தின் சாட்சி’ என்ற இடத்தில் வந்து உட்காருகிறவள் நம்முடைய சகோதரி. முதலாளிக்கு எதிராகத் தீட்டிய ஆயுதம் அவளுக்கு எதிராகப் பயன்படுகிறது. ‘ஏன் அப்பவே சொல்லல’ என்ற கேள்வியை அங்கே கேட்பவர் நாம். சந்தா கட்டியும் சங்கத்தை நம்பிப் போக முடியாத பெண் உள்புகார்க் குழுவை மட்டும் எப்படி நம்புவாள்?

வர்க்க ஒற்றுமை சிதைந்துவிடும் என்று சில நண்பர்கள் சொல்லக்கூடும். ஒரு பாதியின் மௌனத்தின்மேல் கட்டிய ஒற்றுமை ஏற்கனவே சிதைந்ததுதான்.

கடைசியாக ஒரு எண். 2013 சட்டத்தின் 22ஆம் பிரிவு, ஓராண்டில் வந்த புகார்களின் எண்ணிக்கையை ஆண்டறிக்கையில் சேர்க்கச் சொல்கிறது. லாபம், வாராக்கடன், ஈவுத்தொகை எல்லாம் வரிசையாக வரும் அந்தத் தடித்த புத்தகத்தில் எங்கோ ஒரு பக்கத்தில் அந்த வரியும் வரும். ‘பெறப்பட்ட புகார்கள்: பூஜ்யம்’ என்றிருந்தால் நிர்வாகத்துக்குப் பெருமை. வாராக்கடன் பூஜ்யம் என்று ஒரு வங்கி எழுதினால் எந்தத் தணிக்கையாளரும் அதை அப்படியே நம்பிக் கையெழுத்துப் போடமாட்டார். புத்தகத்தைக் கொண்டுவாருங்கள் என்பார். இந்தப் பூஜ்யத்தை மட்டும் எல்லோரும் நம்புகிறார்கள்.

அதை நாம் தணிக்கை செய்யலாம். குழுவில் இருக்கும் ‘வெளியாள்’ யார், அவருக்கும் நிர்வாகத்துக்கும் என்ன தொடர்பு, புகார் கொடுத்த பெண்கள் ஒரு வருஷம் கழித்து எந்தக் கிளையில் இருக்கிறார்கள், புகார் சொல்லப்பட்டவர்கள் எந்தப் பதவியில் இருக்கிறார்கள், சங்கம் யாருக்காக விசாரணைக்குப் போனது. இவையெல்லாம் கேட்டால் கிடைக்கக்கூடிய விவரங்கள். பெண்ணின் பெயரை வெளியிடாமலே கேட்க முடிந்தவை. அவளிடம் போய் ஏன் சொல்லவில்லை என்று விசாரிப்பதை நிறுத்திவிட்டு இந்தக் கேள்விகளோடு வங்கி வாசலுக்குப் போக நம்மில் எத்தனை பேர் தயார்?